இரும்புலியூரில் ஒரு இரண்டு கை வாள்!

எட்டு வயசில் வாள் வைத்திருக்காத ஆண்பிள்ளை உண்டா? தென்னை மட்டையில் செதுக்கியது, துடைப்பத்திலிருந்து உருவியது, கோயில் திருவிழாவில் வாங்கிய பிளாஸ்டிக் வாள் என்று ஏதாவது ஒன்று எல்லோரிடமும் இருந்திருக்கும். பத்து வயசில் அது பரணுக்குப் போய்விடும். ஆசையும் கூடவே போய்விட வேண்டும். எனக்குப் போகவில்லை. இப்போது வயசு முப்பத்திரண்டு. வாடகை வீடு இரும்புலியூரில், வேலை கிண்டியில்.

2015-ல் 'பாகுபலி' வந்து, ஊரே 'கட்டப்பா ஏன் குத்தினார்?' என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. என் கவலை வேறு: 'அந்த மாதிரி வாள் எங்கே கிடைக்கும்?'

சும்மா ஷோ-கேஸில் வைக்கிற வாள் இல்லை சார். இரண்டு கையாலும் பிடித்து வீசக்கூடிய, நிஜ வாளைப் போலவே செய்த வாள். இதற்கு வியாபாரிகள் வைத்திருக்கும் பெயர் 'ஃபங்ஷனல் ரெப்ளிகா'. ஹவுஸ் ஓனர் மாமாவிடம் தெரியாத்தனமாக இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

"ஃபங்ஷனா? பொண்ணு அமைஞ்சிடுச்சா தம்பி? சொல்லவே இல்லையே!"

அந்தப் பெண் விஷயம் பின்னால் வருகிறது. முதலில் வாள்.

பளபளப்பை நம்பாதே!

தேட ஆரம்பித்த பிறகுதான், வாளில் இரண்டு ஜாதி இருப்பது தெரிந்தது. ஒன்று சுவரில் மாட்டுவது. எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னும், துருப் பிடிக்காது, விலையும் குறைச்சல். ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சமையல் கத்திக்குச் சரி. மூணு அடி நீளத்துக்கு இழுத்தால் பொதுவாக அடி தாங்காது. பிடிக்குள்ளே பார்த்தால் இன்னும் மோசம். வாளின் வால் பகுதி ஒரு மெல்லிய கம்பியாகக் குறுகி, வெல்டிங்கில் தொங்கிக்கொண்டிருக்கும். ஓங்கி வீசினால் பிடி உங்கள் கையில், வாள் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில்! அமெரிக்காவில் டி.வி-யில் பொருள் விற்கும் நிகழ்ச்சி ஒன்றில், 'எவ்வளவு உறுதி பாருங்கள்' என்று ஒருவர் வாளை மேஜையில் தட்ட, அது உடைந்து முனை அவர் மேலேயே பாய்ந்த கதையும் உண்டு.

இரண்டாவது ஜாதிதான் நம்ம ஆள். கார்பன் ஸ்டீல் அல்லது ஸ்பிரிங் ஸ்டீலில் செய்து, பழுக்கக் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று குளிர வைப்பார்கள். அதில் இரும்பு கடினமாகும். கூடவே கண்ணாடி மாதிரி உடையும் குணமும் வரும். அதைப் போக்க மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்துவார்கள். நல்ல வாளை லேசாக வளைத்து விட்டால் பழையபடி நேராக நிற்கும். வளைந்தது வளைந்தபடியே நின்றால் அது வெறும் தகடு. உடைந்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் நமக்குப் பெருமைப்பட ஒரு விஷயம். வெள்ளைக்காரன் தன் ஊர் ராஜாக்களின் வாளை ஆசைப்பட்டு வாங்குகிறானே, அதில் கணிசமானவை நம் டேராடூனில் தயாராகின்றன. 1943-ல் அங்கே ஆரம்பித்த விண்ட்லாஸ் கம்பெனி, கூர்க்கா வீரர்களின் குக்ரி கத்தியில் தொடங்கி, வெளிநாட்டு ராணுவங்களின் அணிவகுப்பு வாள் வரை வந்துவிட்டது. அவ்வளவு தூரம் எதற்கு? நம்ம திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு எது இரும்பு? லாரியின் ஸ்பிரிங் பட்டை. ஃபங்ஷனல் வாளுக்கும் கிட்டத்தட்ட அதே ஜாதி இரும்புதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் ஆயிரக்கணக்கான வாள்கள் லாரிக்கு அடியில் படுத்தபடி இரும்புலியூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன!

நாலு தக்காளி கிலோவா?

இரண்டு கை வாள் என்றால் பத்து கிலோ இருக்கும், பயில்வானால்தான் தூக்க முடியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சினிமா கெடுத்த கெடுதி. ஐரோப்பாவில் இரண்டு கையால் பிடித்துச் சண்டை போட்ட நீள வாளின் எடை பெரும்பாலும் ஒன்றரை கிலோவுக்குப் பக்கம்தான். காய்கறி மார்க்கெட்டிலிருந்து நாம் தூக்கி வருகிற பை அதைவிட கனம். ஆளுயரத்துக்கு இருந்த ராட்சச வாள்கூட மூணு நாலு கிலோவைத் தாண்டுவது அபூர்வம். இரண்டு கை எதற்கென்றால் கனத்துக்காக இல்லை, திருப்புகிற வேகத்துக்காக. ஒரு கை தள்ள, இன்னொரு கை இழுக்க, முனை சட்டென்று திரும்பும்.

நம்ம ஊர் ஆட்கள் இதில் சளைத்தவர்கள் இல்லை. நம் நாட்டு 'கண்டா' வாளில், கைப்பிடியின் அடியில் ஒரு முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். தேவைப்பட்டால் இடது கையால் பிடித்துக்கொள்ளவும் அதுதான் உதவி. ஒரே வாள், ஒரு கைக்கும் ஆச்சு, இரண்டு கைக்கும் ஆச்சு!

தஞ்சாவூர் அரண்மனையின் ஆயுதச் சாலையில் இப்படிப்பட்ட ஆயுதங்கள் குவிந்து கிடந்தன. 1855-ல் ராஜ்யம் கும்பெனி கைக்குப் போனது. அடுத்த சில வருஷங்களில் அந்தக் குவியலில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். பேரீச்சம்பழத்துக்குப் போட்ட மாதிரி! தப்பியவற்றில் ஒரு பகுதி எழும்பூர் மியூசியத்துக்கு வந்தது. ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த இரும்பு ஆயுதங்களும் அதே மியூசியத்தின் சொத்து. வாள் ஆசை உள்ளவர்கள் ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு நடை எழும்பூர் போய் வரலாம். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், லீவு.

வக்கீல் வைத்த குத்து

சம்பளம் வந்த அன்றைக்கு, ஆர்டர் போடத் தயாராக விரலை நீட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து, செங்கல்பட்டு கோர்ட்டில் பிராக்டீஸ் பண்ணும் நண்பன் வீட்டுக்கு வந்தான். படத்தைப் பார்த்தான்.

"வெட்டுமா?"

"பின்னே? ஃபங்ஷனல்டா! இப்ப மழுங்கல்தான். சாணை பிடிச்சா மயிரிழையை வெட்டும்."

"இதையே கோர்ட்டில் சொல்லு. அரசு வக்கீலுக்கு வேலை மிச்சம்."

அப்புறம் அவன் நடத்திய பாடத்தின் சுருக்கம் இது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு மட்டும் இல்லை. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின் பட்டியலில் வாளுக்குத் தனி இடமே உண்டு. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் அதில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை விலக்கு. அதனால் அம்மாவின் அரிவாள்மணைக்கு ஆபத்தில்லை. இந்த மாதிரி ஆயுதத்தை வைத்திருக்க லைசன்ஸ் வேண்டும் என்று எந்தப் பகுதிக்கும் மத்திய அரசு அறிவிக்கலாம். அறிவித்த இடத்தில் லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஜெயில்.

"இது ரெப்ளிகாதானேடா? பொம்மை மாதிரி!"

"பொம்மைக்கும் விலக்கு இருக்கு. ஆனா, பொம்மையா மட்டுமே இருக்கணும். நிஜ ஆயுதமா மாத்த முடியாததா இருக்கணும். உன் வாள் அப்படியா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. எதற்காக அந்த வாளுக்குக் கூடுதல் பணம் கொடுக்க நினைத்தேனோ, அதே குணம்தான் அதைப் பொம்மை இல்லை என்று ஆக்குகிறது. கடைக்காரன் அடிக்கிற பெருமையும் போலீஸ் எழுதுகிற குற்றச்சாட்டும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றுதான்!

"மலையம்பாக்கம் ஞாபகமிருக்கா?" என்றான். எப்படி மறக்கும்? 2018 பிப்ரவரியில், பூந்தமல்லி பக்கம் ஒரு ரவுடியின் பிறந்த நாள் விழா. கேக் வெட்டியது வீச்சரிவாளால். விருந்துக்குப் போனவர்களில் எழுபது பேருக்கு மேல் அன்று ராத்திரி போலீஸ் பிடியில். அதற்குப் பிறகும் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி, அதைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டி, தானாகவே சாட்சியும் தந்து மாட்டிக்கொண்ட பையன்கள் எத்தனையோ பேர். அதில் நிஜ ரவுடிகளைவிட, ரவுடி மாதிரி போஸ் கொடுத்தவர்கள்தான் பாவம். வழக்கு என்று ஒன்று பதிவானால் வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பு, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் வந்து நிற்கும்.

"நிஜமாவே வேணும்னா, பணம் கட்டறதுக்கு முன்னாடி தாம்பரம் கமிஷனர் ஆபீஸில் எழுதிக் கேளு. 2022 ஜனவரியிலிருந்து நமக்குன்னு தனி கமிஷனரேட்டே இருக்கே" என்றான்.

துரு என்றொரு எதிரி

மனசு கேட்கவில்லை. லைசன்ஸ் சிக்கலே இல்லையென்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார்பன் ஸ்டீலுக்கு முதல் எதிரி சென்னைக் காற்று. ஒரு தடவை வியர்வைக் கையால் தொட்டுவிட்டு அப்படியே வைத்தால் விரல் ரேகை துருவாகப் பதியும். தேங்காய் எண்ணெய் தடவலாமா? கூடாது, நாளானால் பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய்தான் சரி. தோல் உறைக்குள்ளேயே வருஷக்கணக்கில் வைத்தாலும் தோல் ஈரத்தை இழுத்துத் துருவைக் கூட்டும். சரி, எங்கே வீசிப் பழகுவது? எங்கள் ஹாலின் அகலம் பத்தடி. வாள் நாலடி, என் கை இரண்டடி. முதல் வீச்சில் ஃபேன், இரண்டாவது வீச்சில் ஹவுஸ் ஓனரின் அட்வான்ஸ்!

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஹாலைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் காலண்டர் மட்டும் தொங்கியது. அவர் பார்வை அங்கே ஒரு நிமிஷம் நின்றபோது, நாலடி வாளும் மாட்டியிருந்தால் அவர் காபியைக் குடித்திருப்பாரா என்று நினைத்துப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது.

"தம்பிக்கு ஹாபி ஏதாவது உண்டா?"

"சிலம்பம் கத்துக்கறேன் சார்" என்றேன். பொய் இல்லை. முந்தின நாள்தான் பணம் கட்டிச் சேர்ந்திருந்தேன்.

இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு மூங்கில் கம்போடு மைதானம். இரண்டு கையாலும் பிடித்து வீசுகிறேன். சுற்றும்போது வருகிற 'விர்ர்ர்' சத்தம், எட்டு வயசில் வாயால் போட்டுக்கொண்ட அதே சத்தம். துருப் பிடிக்காது. வீட்டு உபயோகத்துக்கான லத்தி, சாதாரண கைத்தடி இரண்டும் ஆயுதம் இல்லையென்று அந்த 1959 சட்டமே சொல்கிறதாம். நண்பன் காட்டினான்.

'இரும்' என்றால் பெரிய. பெரிய புலி இருந்த ஊர் இது என்று எங்கள் ஊர்ப் பெயருக்குக் காரணம் சொல்வார்கள். இன்றைக்குப் புலி வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் பத்திரமாக இருக்கிறது. வாள் எழும்பூர் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. நானும் வெளியில் பத்திரமாக இருக்கிறேன்.

பெண் வீட்டிலிருந்து பதில் வந்துவிட்டது. தை மாசம் ஃபங்ஷன். ஹவுஸ் ஓனர் மாமாவுக்குத்தான் முதல் பத்திரிகை!