மண்புழு தின்ன வரும் மரியா

ஈக்வடாரின் தலைநகரான கீட்டோ, கடல் மட்டத்திலிருந்து 2,850 மீட்டர் உயரத்தில், பிச்சிஞ்சா எரிமலையின் மடியில் இருக்கிறது. அங்கிருந்து வடமேற்காகப் பசிபிக் கடலை நோக்கி இறங்கும் சரிவுகளில்தான், பறவை நோக்கர்கள் ஆயுளில் ஒருமுறையாவது போக நினைக்கும் மேகக்காடுகள் உள்ளன. கீட்டோவிலிருந்து மிண்டோ என்ற சிற்றூர் வரை சாலை வழியே சுமார் 80 கிலோமீட்டர். நேரே போனால் இரண்டு மணி நேரம். வழிகாட்டியோடு பறவை பார்க்கப் போகிறவர்கள் இதே தூரத்துக்கு நான்கைந்து நாள் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் போதவில்லை என்றுதான் ஊர் திரும்புகிறார்கள்.

ஈக்வடாரின் பரப்பு இந்தியாவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இந்தியாவில் பதிவான பறவையினங்கள் 1,300-க்குச் சற்று மேல். ஈக்வடாரிலோ 1,600-ஐத் தாண்டும். இத்தனைக்கும் முக்கியக் காரணம் ஆண்டிஸ் மலை. சமவெளியில் நூறு கிலோமீட்டர் நடந்தாலும் மாறாத பறவைக் கூட்டம், இங்கே ஐந்நூறு மீட்டர் கீழே இறங்கினால் பெரிதும் மாறிவிடும். ஒவ்வோர் இனமும் மலையில் தனக்கென ஓர் உயரப் பட்டையை வைத்திருக்கிறது. மேலே போனால் குளிர், கீழே போனால் போட்டி. ஆகவே இந்தப் பயணத்தின் திட்டம் எளிது: உச்சியில் தொடங்கி, படிப்படியாக இறங்குவது.

மேகக்காடு உருவாகும் விதமும் மலையின் வேலைதான். பசிபிக் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகம் வானத்தில் நிற்காமல் மரங்களுக்கிடையிலேயே தவழ்கிறது. மழை பெய்யாத நாளிலும் இலையும் பாசியும் மூடுபனியை வடிகட்டிச் சொட்டுச் சொட்டாகத் தரைக்கு இறக்குகின்றன. மரக்கிளை ஒவ்வொன்றும் ஒரு தோட்டம்: பாசி, பெரணி, அன்னாசிக் குடும்பத்துத் தொற்றுச்செடிகள், ஆர்க்கிட்கள். ஈக்வடாரில் ஆர்க்கிட் மட்டுமே நாலாயிரம் வகைக்கு மேல். இவற்றின் இலைக்குவளைகளில் தேங்கும் நீரில் பூச்சிகள் பெருகுகின்றன. பூச்சிகளைத் தேடிப் பறவைகள் வருகின்றன.

நிலநடுக்கோடு கீட்டோவுக்குச் சற்று வடக்கே ஓடுவதால் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே பொழுது விடிகிறது. வழிகாட்டிகள் ஐந்துக்கே வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். காலையில் வெளிச்சம், மதியத்துக்குமேல் பனிமூட்டம் என்பதுதான் அன்றாட நடப்பு. பத்து மணி வரை கண்டதே பெரும்பாலும் அன்றைய வரவு.

முதல் நிறுத்தம் பிச்சிஞ்சாவின் சரிவில், 3,500 மீட்டரை ஒட்டிய யனகோச்சா காப்பகம். ஹோகோடோகோ என்ற அறக்கட்டளை இதைப் பராமரிக்கிறது. அந்தப் பெயரே ஒரு பறவையின் கதை. 1997-இல் ராபர்ட் ரிட்ஜ்லி என்ற அமெரிக்கப் பறவையியலாளர் தெற்கு ஈக்வடாரின் மலைக்காட்டில் அதுவரை அறிவியல் அறியாத ஒரு பறவையின் குரலைக் கேட்டுத் தேடிப் பிடித்தார். அதன் இருப்பிடத்தை வாங்கிக் காப்பதற்காக மறு ஆண்டே தொடங்கிய அமைப்பு, பறவையின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது.

யனகோச்சாவுக்கு எல்லோரும் போவது ஹம்மிங்பேர்டுகளுக்காக. அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை இது. தமிழ்நாட்டுத் தேன்சிட்டுக்கும் இதற்கும் தொழில் ஒன்று, உறவு இல்லை. ஈக்வடாரில் மட்டும் சுமார் 130 வகை உண்டு. யனகோச்சாவின் நட்சத்திரம் வாளலகு ஹம்மிங்பேர்டு. வாலை நீக்கி அளந்தால் உடலைவிட அலகு நீளமான ஒரே பறவை உலகில் இதுதான். அலகு சுமார் 10 செ.மீ. குழல்போல் நீண்டு தொங்கும் மலைப் பேஷன் பூக்களின் அடியிலுள்ள தேன் இதற்கு மட்டுமே எட்டும். ஆனால் அலகால் தன் இறகைக் கோத முடியாது. காலால் சொறிந்துகொள்ள வேண்டியதுதான். கால்களில் பஞ்சுருண்டை ஒட்டியதுபோல் இருக்கும் கருமார்புப் பஃப்லெக் இதே மலையின் குடிமகன். கீட்டோ நகரின் அடையாளப் பறவை அதுவே என்றாலும், எண்ணிக்கை மிகக் குறைந்துவிட்டதால் அதைக் காண்பவர்கள் சிலர்தான்.

உறைபனியைத் தொடும் இரவுகளை இத்தனை சிறிய உடல் எப்படித் தாங்குகிறது என்பது நியாயமான கேள்வி. இரவில் ஹம்மிங்பேர்டுகள் உடலின் அடுப்பை ஏறக்குறைய அணைத்துவிடுகின்றன. பெரு நாட்டு ஆண்டிஸில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், உறங்கும் ஹம்மிங்பேர்டு ஒன்றின் உடல் வெப்பம் 3.3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருந்தது. விடிந்ததும் உடலை நடுக்கிச் சூடேற்றி, முதல் பூவுக்குப் பறந்துவிடும்.

யனகோச்சாவிலிருந்து இறங்கும் பழைய சாலைக்கு ‘பசேயோ தெல் கிந்தே’ என்று பெயர். கிந்தே என்பது கெச்சுவா மொழியில் ஹம்மிங்பேர்டைக் குறிக்கும் சொல். 2,200 மீட்டரில் பெல்லவிஸ்தாவும் அதற்குக் கீழே தந்தயாபா பள்ளத்தாக்கும் வரும். விடுதித் திண்ணைகளில் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைகள் தொங்கும். நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சர்க்கரை. காபிக் கோப்பையோடு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து வகை ஹம்மிங்பேர்டுகள் காதோரம் உரசிப் போகும். ஊதாத் தொண்டை வுட்ஸ்டார் வண்டுபோல் ரீங்கரித்து வரும். வண்டென்றே பலர் கையால் விரட்டுவதும் உண்டு.

திண்ணையைவிட்டுக் காட்டுக்குள் போனால் நிலைமை வேறு. அரைமணி நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு திடீரென முப்பது நாற்பது பறவைகள் ஒரே கூட்டமாக வந்து, தலைக்குமேல் மரங்களைச் சல்லடையிட்டு, ஐந்து நிமிடத்தில் போய்விடும். பல இனங்கள் சேர்ந்து இரை தேடும் கலப்புக் கூட்டம் இது. கண்கள் கூடினால் வல்லூறை முன்னதாகவே பார்த்துவிடலாம். இந்த ஐந்து நிமிடத்தில்தான் வழிகாட்டியின் தரம் தெரியும். நல்ல வழிகாட்டி கண்ணால் தேடுவதில்லை. காதால் பட்டியல் போட்டுவிட்டு, எந்தக் கிளையில் எது உட்காரும் என்று ஸ்கோப்பை முன்கூட்டியே திருப்பி வைக்கிறார். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வழக்கமும் உண்டு. அது எல்லை மீறினால், போட்டியாளன் வந்துவிட்டான் என்று நினைத்து அந்தப் பறவை கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அலையும். பொறுப்புள்ளவர்கள் ஒன்றிரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாடிக்கையாளரின் பட்டியல் நீள்வதற்காக நிறுத்தாதவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பாதையில் எல்லோரும் காத்திருக்கும் நிறுத்தம் மிண்டோவுக்கு அருகிலுள்ள ஒரு விவசாயியின் நிலம். ஆங்கெல் பாஸும் அவர் சகோதரர் ரொட்ரிகோவும் காடு வெட்டிப் பயிர் செய்துவந்தவர்கள். 2000-களின் நடுவில், தங்கள் நிலத்தில் பாறைச்சேவல்கள் கூடும் இடத்தைக் கட்டணம் வாங்கிக் காட்டலாம் என்று ஆங்கெல் ஒரு பாதை வெட்டினார். பாறைச்சேவலின் ஆண்கள் விடியலில் கூடிச் செக்கச்சிவந்த கொண்டையை ஆட்டிக் கூச்சலிட, மங்கிய நிறப் பெண் வந்து ஒருவனைத் தேர்ந்தெடுத்துப் போகும். சுயம்வரம் என்ற சொல் இதற்கு அப்படியே பொருந்தும்.

வெட்டிய பாதையில் புரண்டு கிடந்த ஈர மண்ணில், புழு பொறுக்க ஒரு பறவை வந்து நின்றது. அது ஜயன்ட் ஆன்ட்பிட்டா. காட்டின் தரையில் இருட்டோடு இருட்டாக நடமாடும் இந்த இனத்தைப் பார்க்க, பழுத்த பறவையியலாளர்களே ஆண்டுக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். ஆங்கெல் மண்புழுக்களைச் சேர்த்துக்கொண்டு, விடாமல் போட்டுப் பழக்கினார். “வெங்கா, மரியா, வெங்கா” (வா, மரியா, வா) என்று அவர் கூப்பிட்டால் புதரிலிருந்து மரியா வெளியே வந்தது. பிறகு மஞ்சள் மார்பு ஆன்ட்பிட்டாவுக்கு வில்லி, இடுப்பை ஆட்டும் குட்டி ஆன்ட்பிட்டாவுக்கு ஷகிரா என்று குடும்பம் பெருகியது. இதைப் பார்த்து ஆண்டிஸ் நாடுகளில் பல இடங்களில் புழு போட்டு அழைக்கும் முறை பரவிவிட்டது.

ஆன்ட்பிட்டா என்ற பெயரில் பாதி தென்னிந்தியாவுக்குச் சொந்தம். ‘பிட்ட’ என்றால் தெலுங்கில் சிறு பறவை. தமிழில் ஆறுமணிக்குருவி எனப்படும் பறவையின் இனத்துக்கு ஐரோப்பியர் அந்தச் சொல்லையே சூட்டினர். பின்னர் தென் அமெரிக்காவில் அதே குட்டை வாலும் நெட்டைக் காலுமாக வேறொரு பறவையைக் கண்டதும், உறவே இல்லாத அதற்கும் பெயரை நீட்டிவிட்டார்கள்.

காட்டுப் பறவைக்கு இரை போட்டுப் பழக்குவது சரியா என்ற விவாதம் தீரவில்லை. ஆனால் பாஸ் நிலத்தில் மரம் நிற்பதற்குக் காரணம் அந்த மண்புழுதான் என்பதையும் மறுக்க முடியாது. வெட்டிய மரம் ஒருமுறை காசு தரும்; மரியா ஒவ்வொரு காலையும் தந்தாள்.

மிண்டோவைத் தாண்டி 1,100 மீட்டரில் மில்பே வரும். அங்கே கிளப்-விங்ட் மனாகின் என்ற சிட்டு இறக்கையால் வயலின் வாசிக்கிறது. முதுகுக்கு மேலே இறக்கைகளை நொடிக்கு 107 முறை மோதவிட, வரிகளுள்ள ஓர் இறகின்மேல் அடுத்த இறகின் நுனி உரசி ‘டிங்’கென ஒலிக்கிறது. டார்வின் வியந்த இந்த இறகின் சூட்சுமத்தை, கிம்பர்லி போஸ்ட்விக் அதிவேகக் கேமராவால் படம்பிடித்து 2005-இல் விளக்கினார்.

இக்காடுகளுக்கு ஆபத்து பல வழிகளில் வந்திருக்கிறது. மிண்டோ 1997-இல் தென் அமெரிக்காவின் முதல் ‘முக்கியப் பறவைப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளிலேயே கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று அங்குள்ள மலைமுகட்டில் வந்தது. எதிர்த்தவர்கள் மரமேறி உட்கார்ந்தும் குழாய் பதிக்கப்பட்டுவிட்டது. வடக்கே லோஸ் செத்ரோஸ் காட்டின் கதை வேறு. இயற்கைக்கும் உரிமை உண்டு என்று 2008-இல் எழுதப்பட்ட ஈக்வடார் அரசியலமைப்பைக் காட்டி, அங்கே வழங்கப்பட்ட சுரங்க அனுமதிகள் செல்லாது என்று 2021-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வெப்பத்துக்கு நீதிமன்றத் தடை வாங்க வழியில்லை. பூமி சூடாக ஆக, பறவைகளின் உயரப் பட்டை மேல்நோக்கி நகர்கிறது. பெருவின் பந்தியகோயா மலைமுகட்டில் 1985-இல் எடுத்த கணக்கெடுப்பை 2017-இல் அதே பாதையில் திரும்பச் செய்தார்கள். பெரும்பாலான இனங்கள் மேலே ஏறியிருந்தன. முன்பு உச்சியில் மட்டுமே வாழ்ந்த இனங்களில் பல அகப்படவில்லை. அந்த மலையின் உயரம் 1,400 மீட்டர் சொச்சம். அதற்குமேல் அவற்றுக்கு ஏற இடமில்லை.