முடிச்சைக் கீறிப் பார்த்தீங்களா?

தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் முடிச்சூர், மண்ணிவாக்கம் தாண்டினால் கழனியும் மனைக்கல்லும் மாறி மாறி வரும். படப்பைக்கு உள்ளே தள்ளி எனக்கு 80 சென்ட் குத்தகை நிலம் இருக்கிறது. செம்மண் கலந்த மணல்சாரி. போன மார்கழிக் கடைசியில் அதில் மல்லாட்டை விதைத்தேன். (நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்.)

பாதி நிலத்துக்கு நன்றாக மக்கிய மாட்டு எரு போட்டேன். மீதிப் பாதிக்கு எரு போதவில்லை. ஒரு பண்ணையிலிருந்து கோழி எரு மலிவாக வந்தது. அதை மக்க வைக்கப் பொறுமையில்லாமல் அப்படியே இறைத்துவிட்டேன். ரசாயனம் இல்லையே, அப்புறம் என்ன என்கிற தைரியம்தான்.

38-ஆம் நாள் கோழி எரு போட்ட பக்கம் செடி கருகருவென்று நின்றது. எனக்கு ஒரே பெருமை. பக்கத்துக் கழனிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தழையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தம்பி, களைக்கொட்டை எடு. வேரைப் பாக்கலாம்" என்றார்.

"செடி நல்லாத்தானே இருக்கு அண்ணே?"

"தழையைப் பாத்து ஏமாந்துடாதே. மல்லாட்டைக்கு ஜீவன் கீழதான்."

இரண்டு பக்கத்திலும் நான்கு நான்கு செடி மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசினோம். மாட்டு எருப் பக்கத்தில் வேர் முழுக்கக் கடுகு கடுகாக முடிச்சு. நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு, சில முடிச்சில் ரத்தச் சிவப்பு. கோழி எருப் பக்கத்திலோ முடிச்சு அங்கொன்று இங்கொன்றுதான். கீறினால் வெளுத்த வெள்ளை. "செடி சோம்பேறியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சோம்பேறித்தனம் இல்லை அது, கணக்கு என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. நம் கூட்டங்களில் "ரைசோபியம் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். பாக்டீரியா எப்போது வரலாம், எத்தனை முடிச்சு இருக்கலாம், எந்த முடிச்சுக்குத் தீனி, எதற்குப் பட்டினி என்றெல்லாம் முடிவு செய்வது பெரும்பாலும் செடிதான். அதற்கான மரபணுக்கள் செடியிடம் இருக்கின்றன. தேவைப்படும்போது விழிக்கும், வேண்டாதபோது உறங்கும்.

பயறுவகைச் செடி வேர்முடிச்சு வழியாகக் காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கிறது என்பதை 1888-இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் இருவரும் நிறுவினார்கள். உள்ளே இருக்கும் பாக்டீரியாவை அதே ஆண்டு ஹாலந்தில் பெயெரிங்க் பிரித்தெடுத்தார். இருவரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது தெரிய அதற்கப்புறம் நூறு வருஷம் ஆனது. தழைச்சத்துக்குப் பஞ்சம் என்றால் வேர் சில பொருள்களைக் கசியவிடும். மண்ணிலிருக்கும் பாக்டீரியா அதை உணர்ந்து தன் மரபணுக்களை முடுக்கி, ஒரு பதில் சமிக்ஞையை அனுப்பும். அந்தச் சமிக்ஞையின் வேதி அமைப்பு 1990-இல்தான் தெரிந்தது. வேரில் அதைப் பிடிக்கும் 'காது' மாதிரியான புரதங்களின் மரபணுக்களை 2003-இல் கண்டுபிடித்தார்கள். சரியான பதில் வந்தால்தான் கதவு திறக்கும். அதனால்தான் சோயாவுக்கு ஒரு வகை ரைசோபியம், கொண்டைக்கடலைக்கு வேறு வகை. நமக்கு நல்ல சேதி என்னவென்றால், தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து, துவரை, மல்லாட்டை எல்லாம் பெரும்பாலும் ஒரே கூட்டத்துப் பாக்டீரியாவை ஏற்றுக்கொள்ளும்.

பெரும்பாலான பயறுச் செடியில் வேர்த்தூவி சுருண்டு, அதற்குள் ஒரு நூல் மாதிரிக் குழாய் உருவாகி, அதன் வழியே பாக்டீரியா உள்ளே போகும். மல்லாட்டைக்கு இந்த வழி கிடையாது. பக்கவேர் முளைத்து வெளியே வரும் இடத்தில் ஏற்படும் சின்ன வெடிப்பு வழியாகத்தான் நுழைகிறது. பிடுங்கிய செடியைக் கையில் வைத்துப் பாருங்கள், முடிச்சுகள் பக்கவேர் கிளைக்கும் கணுக்களில்தான் உட்கார்ந்திருக்கும். கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் மைத்ரேயி தாஸ்குப்தா குழுவினர் நம்ம மல்லாட்டையை எடுத்துக்கொண்டு, பாக்டீரியா வந்த நாளிலிருந்து முடிச்சு முதிரும் வரை எந்தக் கட்டத்தில் எந்த மரபணு விழிக்கிறது என்று பின்தொடர்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். வெடிப்பு வழியாக வரும் விருந்தாளியை வரவேற்கும் முறை, தூவி வழியாக வருகிறவரை வரவேற்கும் முறையிலிருந்து எங்கெங்கே வேறுபடுகிறது என்பதுதான் அந்த ஆய்வின் மையம்.

இனி அந்தச் சிவப்பு. காற்றிலிருக்கும் நைட்ரஜனை உடைக்கும் நொதி பாக்டீரியாவுடையது. ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பது செடி. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபினை முடிச்சுக்குள் ஏராளமாகத் தயாரித்து, ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுக்கிறது. இது ரத்தச் சிவப்பின் உறவு என்பதை 1939-இல் ஜப்பானியரான குபோ கண்டார். உள்ளே ஆக்சிஜன் குறைந்ததை உணர்ந்த பிறகுதான் பாக்டீரியாவின் நைட்ரஜன் பிடிக்கும் மரபணுக்களும் விழிக்கின்றன. ஆக முடிச்சு உள்ளே சிவந்திருந்தால் இரண்டு பக்கமும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். 35, 40 நாள் பயிரில் வெள்ளை என்றால் வேலை நடக்கவில்லை. காய் முற்றும் சமயத்தில் பச்சை, பழுப்பு என்று மாறினால் அது மூப்பு, பயப்பட வேண்டாம்.

இந்த வேலைக்குச் செலவு அதிகம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்றக் குறைந்தது 16 ஏடிபி வேண்டும். ஏடிபி என்பது உயிரணுவின் சில்லறைக் காசு. அந்தக் காசு முழுக்க இலை சமைத்த சர்க்கரையிலிருந்து போகிறது. அதனால் செடி எண்ணி எண்ணித்தான் முடிச்சு வைக்கும். முதல் முடிச்சுகள் உருவானதும் வேரில் சில மரபணுக்கள் விழித்து, புரதத் துணுக்குகளை மேலே அனுப்பும். அதை இலை படித்துவிட்டு "போதும்" என்று கீழே சேதி அனுப்பும். 1985-இல் ஆஸ்திரேலியாவில் இந்த "போதும்" கேட்காத சோயா ரகங்களைக் கண்டுபிடித்தார்கள். வேர் முழுக்க முடிச்சு, செடி மட்டும் நோஞ்சான்.

மண்ணில் நைட்ரேட் மிகுந்தாலும் இதே வகைத் துணுக்குகள் உருவாகின்றன. புது முடிச்சு நிற்கும். பழைய முடிச்சில் லெக்ஹீமோகுளோபின் மரபணு அடங்கும், சிவப்பு வெளுக்கும். இலவசமாகக் கிடைக்கும்போது செடி ஏன் சர்க்கரையைச் செலவழிக்கணும்? யூரியா போட்டால் முடிச்சு குறையும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் அந்த நைட்ரேட் யூரியா மூட்டையிலிருந்து வந்ததா, என் கோழி எருவிலிருந்து வந்ததா என்று வேருக்குத் தெரியாது. கோழி எருவில் இருக்கும் தழைச்சத்து வெகு சீக்கிரம் நைட்ரேட்டாக மாறும். நான் அங்கேதான் சறுக்கினேன். அறுவடையில் அந்தப் பக்கம் கொடி அதிகம், காய் குறைவு. மாட்டுக்குத்தான் கொண்டாட்டம்.

இன்னொரு விஷயம். முடிச்சில் இருக்கும் எல்லாப் பாக்டீரியாவும் உழைப்பாளி இல்லை. சோயா வேரைச் சுற்றி நைட்ரஜனே இல்லாத காற்றை அடைத்து, பாக்டீரியாவால் எதுவும் தரமுடியாதபடி செய்து ஒரு சோதனை 2003-இல் நடந்தது. தராத முடிச்சுக்குச் செடி ஆக்சிஜனைக் குறைத்துவிட்டது போலத் தெரிந்தது. பாக்டீரியாவும் அங்கே சரியாகப் பெருகவில்லை. கூலி வேலைக்குத்தான், வம்புக்கு இல்லை.

ரைசோபியம் பாக்கெட் வாங்கலாமா என்று கேட்பீர்கள். பயறு தொடர்ந்து விளைந்த பழைய கழனிக்கு அவசியம் குறைவு, அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் வீட்டு மனையில் எங்கிருந்தோ லாரியில் வந்த சவுடு மண் கொட்டித் தோட்டம் போடுகிறவர்களுக்கு அவசியம் வேண்டும். அந்த மண்ணில் பாக்டீரியா இருப்பது சந்தேகம். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 600 கிராம், அதாவது 200 கிராம் பாக்கெட் மூன்று. ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் காசு போச்சு. காலாவதித் தேதியையும், எந்தப் பயிருக்கு என்பதையும் பார்த்து வாங்குங்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால் முன்னோர் வழி இருக்கிறது: நன்றாக முடிச்சுப் பிடித்த தட்டைப்பயறு வேரடி மண்ணை ஒரு கூடை எடுத்து வந்து தூவுவது. ஆனால் கத்தரி, வெண்டை போட்ட மண்ணிலிருந்து எடுக்காதீர்கள். நூற்புழுவும் கூட வந்துவிடும். அதுவும் வேரில் முடிச்சு மாதிரிதான் தெரியும். வித்தியாசம் எளிது. ரைசோபிய முடிச்சு வேரின் மேல் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும். நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும், பிய்த்தால் வேர்தான் அறும்.

மணிமங்கலம், வரதராஜபுரம் மாதிரித் தாழ்வான இடங்களில் தண்ணீர் நின்றால் வேர்முடிச்சு மூச்சுத் திணறும். அங்கே நெல்லுக்கு முன் பசுந்தாளுரமாக மணிலா அகத்தி போடலாம். அதற்குத் தண்டிலும் முடிச்சு வரும். தண்ணீர் நிற்கும்போது அதன் வேரிலும் பாக்டீரியா நுழைவது மல்லாட்டை போலவே பக்கவேர் வெடிப்பு வழியாகத்தான். பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடுங்கள். காய்க்க விட்டால் சத்து விதைக்கு ஏறிவிடும்.

இந்த மார்கழியில் 80 சென்டுக்கும் மக்கிய மாட்டு எருதான். போன வருஷம் மீந்த கோழி எரு குப்பைமேட்டில் இலைதழையோடு மக்கிக்கொண்டிருக்கிறது, வாழைக்குப் போகும். 35-ஆம் நாள் களைக்கொட்டோடு வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.