போபால்: 337 தொன் எரிந்தது, நிலத்தடி நீர்?

போபால் யூனியன் கார்பைட் ஆலையின் 337 தொன் நச்சுக் கழிவு 2025 ஜூன் இறுதியில் பீத்தம்பூரில் எரித்து முடிக்கப்பட்டது. 1984 அனர்த்தத்தின் கடைசி எச்சமும் ஒழிந்துவிட்டது போல பலர் அந்தச் செய்தியைப் பகிர்ந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

எரிக்கப்பட்டது, ஆலை வளவில் சேகரித்து வைக்கப்பட்டிருந்த கழிவு மட்டுமே. கிணறுகளைக் கெடுத்த கழிவு வேறு. அது விஷவாயு கசிந்த அந்த டிசம்பர் இரவுக்கும் முந்தியது. பூச்சிகொல்லி தயாரித்த அந்த ஆலை, கழிவுகளை வளவுக்குள்ளேயே கொட்டியும் புதைத்தும் வந்தது. 1977 முதல் கழிவு நீர் ஆலைக்கு வடக்கே அமைத்த குளங்களுக்கு அனுப்பப்பட்டது. வெயிலில் நீர் வற்றிவிடும், மிச்சத்தை அடியில் விரித்த பிளாஸ்டிக் தாங்கும் என்பது அவர்களது கணக்கு. குளம் கசிகிறது என்பது 1982இலேயே நிறுவனத்துக்குத் தெரியும்.

1999இல் கிரீன்பீஸ் நடத்திய பரிசோதனையில் ஆலை மண்ணில் பாதரசமும், சுற்றுப்புறக் கிணற்று நீரில் குளோரின் சேர்ந்த கரைப்பான்களும் கண்டறியப்பட்டன. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது அதைக் கண்ணால் காண முடிந்தது. இந்தக் கரைப்பான்கள் நீரை விடக் கனமானவை, மிதக்காது. கீழே இறங்கி, பாறை வெடிப்புகளில் தங்கி, ஆண்டுக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மழை பெய்யும்போதெல்லாம் மண்ணில் கிடப்பதும் சேர்ந்து இறங்கும். ஆனால் அள்ளிப் பார்த்தால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும்.

கொதிக்க வைத்துக் குடித்தால் என்ன என்று நம்மவர்கள் கேட்கக்கூடும். கொதித்தால் கிருமி சாகும். ஈயம் போன்ற உலோகம் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

அடல் அய்யூப் நகர், அன்னு நகர் போன்ற ஏழைக் குடியிருப்புகள் வருடக்கணக்காக கைப்பம்புகளையே நம்பியிருந்தன. இங்குள்ள மக்களுக்குச் சுத்தமான குடிநீர் கொடுக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2004இல் உத்தரவிட்டது. ஆனால் குழாய் நீர் கொடுப்பது நிவாரணம் மட்டுமே, அதனால் நிலம் சுத்தமாகாது. 2018இல் லக்னோ நச்சியல் ஆய்வு நிறுவனம் பரிசோதித்தபோது மாசு 42 குடியிருப்புகள் வரை பரவியிருந்தது.

யார் சுத்தம் செய்வது? ஆலை நிலம் 1998இல் மத்தியப் பிரதேச அரசிடம் திரும்பிப் போனது. யூனியன் கார்பைடை 2001இல் வாங்கிய டவ் நிறுவனம், தனக்குப் பொறுப்பில்லை என்கிறது. மாசடைந்த மண் மட்டும் சுமார் 11 இலட்சம் தொன் இருக்கும் என 2010இல் இந்திய அரச ஆய்வு நிறுவனங்கள் மதிப்பிட்டன. எரிக்கப்பட்ட 337 தொன்னை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.