வீட்டுக் கணினிக்கு நச்சுநிரல் தடுப்பு மென்பொருளைத் தெரிவு செய்தல்

டென்மார்க்கில் 2014 நவம்பர் 1 முதல், 15 வயதும் அதற்கு மேற்பட்ட வயதும் உடைய அனைவரும், விலக்குப் பெற்றவர்கள் நீங்கலாக, அரச அலுவலகங்களின் கடிதங்களை இலத்திரனியல் அஞ்சல் வழியாகவே பெற்று வருகின்றனர். வரி அறிவித்தலும் மருத்துவமனை அழைப்பும் அவ்வழியே வருகின்றன. வங்கிக் கணக்கு மிட்-ஐடி மூலம் திறக்கப்படுகிறது. குடும்பத்தின் பழைய நிழற்படங்களும் ஆவணங்களும் பெரும்பாலும் அதே கணினியிலேயே சேமிக்கப்பட்டுள்ளன. ஆகவே வீட்டுக் கணினி பழுதுபடுவது ஓர் இயந்திரம் பழுதுபடுவது மட்டுமன்று. பணமும் ஆவணங்களும் நினைவுகளும் ஒருங்கே இழக்கப்படலாம்.

எந்த மென்பொருளை வாங்க வேண்டும், பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா என்ற கேள்விகளுக்குப் பிரெடெரிசியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தாமே விடை காண இக்கட்டுரை உதவும். எந்த நிறுவனத்தின் பொருளையும் இது பரிந்துரைக்கவில்லை.

தடுப்பு மென்பொருள் செய்யும் வேலை

தடுப்பு மென்பொருள் மூன்று வழிகளில் இயங்குகிறது. முதலாவதாக, ஏற்கெனவே அறியப்பட்ட நச்சுநிரல்களின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, கணினிக்குள் வரும் ஒவ்வொரு கோப்பையும் அதனோடு ஒப்பிடுகிறது. இரண்டாவதாக, பட்டியலில் இல்லாத ஒரு நிரல் ஐயத்திற்குரிய முறையில் நடந்துகொண்டால், எடுத்துக்காட்டாக நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே நேரத்தில் பூட்ட முற்பட்டால், அதனைத் தடுத்து நிறுத்துகிறது. மூன்றாவதாக, புதிய கோப்பொன்றின் விபரத்தை இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிகளிடம் கேட்டறிகிறது. புதிய நச்சுநிரல்கள் நாள்தோறும் உருவாகின்றமையால், பட்டியல் புதுப்பிக்கப்படாத மென்பொருளால் பயன் குறைவு.

ஏற்கெனவே உள்ளதை முதலில் அறிக

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றில் மைக்ரோசொப்ட் டிபெண்டர் என்னும் தடுப்பு மென்பொருள் கட்டணமின்றி உள்ளடங்கியுள்ளது. வேறு மென்பொருள் நிறுவப்படாதவிடத்து அது தானாகவே இயங்கும். அப்பிள் கணினிகளில் எக்ஸ்புரொடெக்ட் என்னும் பாதுகாப்பு உண்டு. குரோம்புக் கணினிகளுக்குத் தனியான தடுப்பு மென்பொருள் பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

அடுத்து, வீட்டு இணைய இணைப்பின் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும். சில இணையச் சேவை நிறுவனங்கள் தமது மாதாந்தக் கட்டணத்திலேயே பாதுகாப்பு மென்பொருளையும் சேர்த்து வழங்குகின்றன. ஏற்கெனவே பணம் செலுத்தும் ஒன்றை அறியாமல் இரண்டாம் முறையும் வாங்கத் தேவையில்லை.

புதிய கணினிகள் சிலவற்றில் தனியார் மென்பொருளொன்று குறுகிய கால இலவசப் பாவனைக்காக நிறுவப்பட்டிருக்கும். காலம் முடிந்தபின் அது எச்சரிக்கைகளைக் காட்டிக்கொண்டேயிருக்கும். அதனைத் தொடர விரும்பாவிடின் முழுமையாக அகற்றிவிட்டு, டிபெண்டர் மீண்டும் இயங்குகிறதா என்பதை ‘விண்டோஸ் செக்கியூரிட்டி’ என்ற பகுதியில் சரிபார்க்கவும். ஒரே கணினியில் இரு தடுப்பு மென்பொருள்களை ஒருங்கே இயக்கலாகாது. அவை ஒன்றையொன்று தடுத்துக் கணினியை மந்தமாக்கும்.

இயக்கு மென்பொருள் பழையதாயின்

விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறைவுற்றன. டென்மார்க் உள்ளிட்ட ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலுள்ள வீட்டுப் பாவனையாளர்கள், பதிவு செய்துகொண்டால், மேலும் ஓராண்டிற்கு அவற்றைக் கட்டணமின்றிப் பெறலாம் என மைக்ரோசொப்ட் அறிவித்தது. அக்காலமும் முடிந்தபின், எவ்வளவு விலையுயர்ந்த தடுப்பு மென்பொருளும் இயக்கு மென்பொருளிலுள்ள ஓட்டைகளை அடைக்க மாட்டாது. ஆகவே மென்பொருளுக்குச் செலவிடுமுன், கணினி விண்டோஸ் 11 இற்கு மாறக்கூடியதா என்பதைப் பார்ப்பதே முறை.

கட்டண மென்பொருளைத் தெரிவு செய்கையில் கவனிக்க வேண்டியவை

தனியொருவர் ஒரு கணினியைக் கவனமாகப் பயன்படுத்தும் வீட்டிற்கு, கணினியுடன் வரும் பாதுகாப்பே பெரும்பாலும் போதுமானது. பல கணினிகளும் கைத்தொலைபேசிகளும் உள்ள வீட்டில், அல்லது சிறு பிள்ளைகளின் இணையப் பாவனையைக் கட்டுப்படுத்த விரும்பும் வீட்டில், கட்டண மென்பொருள் பயன் தரலாம். அவ்வாறாயின் பின்வருவனவற்றை நோக்குக.

1. சுதந்திரமான பரிசோதனை முடிவுகள்: ஜேர்மனியின் மக்டபேர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஒஸ்திரியாவின் இன்ஸ்புறுக் நகரிலுள்ள ஏவி-கொம்பரடிவ்ஸ் ஆகிய நிறுவனங்கள் தடுப்பு மென்பொருள்களைத் தொடர்ந்து பரிசோதித்து முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, கணினியின் வேகம், பாவனைக்கு இலகு என்னும் மூன்றிற்கும் தலா 6 புள்ளிகள் வழங்குகிறது. டெனிஷ் நுகர்வோர் மன்றமான போர்புறுகர்றோட் தெங்கும் இத்தகைய சோதனைகளை வெளியிடுகிறது. விற்பனை நிலையத்தின் விளம்பரத்தை விட இவை நம்பத்தக்கவை.

2. இரண்டாம் ஆண்டின் விலை: முதலாண்டில் பாதி விலைக்குக் கிடைக்கும் மென்பொருள், அடுத்த ஆண்டு முழு விலைக்குத் தானாகவே புதுப்பிக்கப்படலாம். வாங்கும் நாளிலேயே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டு, முடிவுத் திகதியை நாட்காட்டியிற் குறித்து வைக்கவும். இணையத்தில் வாங்கும் பொருள்களை 14 நாட்களுக்குள் மீளளிக்கும் உரிமை டென்மார்க்கில் உண்டு. ஆயினும் உடனடியாகப் பதிவிறக்கம் செய்ய இணங்கி, அதனால் அவ்வுரிமை அற்றுப்போவதை ஏற்றுக்கொண்டால், அது இழக்கப்படும்.

3. நிறுவனத்தின் நம்பகத்தன்மை: தடுப்பு மென்பொருள் கணினியிலுள்ள அனைத்தையும் பார்க்கவல்லது. அவாஸ்ட் நிறுவனம் தன் பாவனையாளர்களின் இணைய உலாவல் விபரங்களை ஜம்ப்ஷொட் என்னும் துணை நிறுவனம் வழியாக விற்றமை 2020 இல் வெளிப்பட்டது. அத்துணை நிறுவனம் மூடப்பட்டது; 2024 இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு அதற்காக 16.5 மில்லியன் டொலர் செலுத்துமாறு பணித்தது. ரஷ்யாவைத் தளமாகக் கொண்ட கஸ்பெர்ஸ்கி மென்பொருளைத் தவிர்க்குமாறு ஜேர்மனியின் தகவற் பாதுகாப்பு அலுவலகம் 2022 மார்ச்சில் அறிவுறுத்தியது. அமெரிக்கா அதன் விற்பனையை 2024 இல் தடைசெய்தது. இலவசம் என்பதாலோ புகழ் பெற்றது என்பதாலோ மட்டும் ஒன்றைத் தெரிவு செய்தல் தகாது.

4. தேவையற்ற சேர்க்கைகள்: கணினியைச் ‘சுத்தமாக்கும்’, ‘வேகமாக்கும்’ பகுதிகளுக்காகக் கூடுதல் பணம் செலுத்த வேண்டியதில்லை.

தெரிவு செய்தபின், நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்தே பதிவிறக்கவும். ‘உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது’ எனத் திரையில் திடீரெனத் தோன்றும் அறிவித்தலை அழுத்தி எதனையும் நிறுவ வேண்டாம். அவ்வறிவித்தலே பெரும்பாலும் வலையாக அமைகிறது.

மென்பொருள் காக்க முடியாதவை

1650 இல் நிறுவப்பட்ட நம் நகரைச் சுற்றி அரண் எழுப்பியவர்கள் அதில் வாயில்களையும் அமைத்தனர். வாயிலை உள்ளிருப்பவரே திறந்துவிட்டால் அரணால் பயனில்லை. கணினிக்கும் இது பொருந்தும்.

தமிழ்த் திரைப்படங்களையும் தொடர்களையும் அனுமதியின்றி வெளியிடும் தளங்கள் பல, படம் பார்க்க ஒரு ‘பிளேயரை’ நிறுவுமாறு கேட்கின்றன. அதனை நிறுவுதல் கூடாது. பழைய தமிழ் எழுத்துருக்களையும் தட்டச்சு நிரல்களையும் அறியாத தளங்களிலிருந்து பெறுவதும் அபாயமானது. விண்டோஸின் மொழி அமைப்புகளிலேயே தமிழ் விசைப்பலகைகள் உள்ளன. தமிழ்99 அவற்றுள் ஒன்று.

அதனினும் பெரிய ஆபத்து தொலைபேசியில் வருகிறது. வங்கியிலிருந்தோ பொலிசிலிருந்தோ மைக்ரோசொப்டிலிருந்தோ பேசுவதாகக் கூறி, மிட்-ஐடியில் ஒப்புதல் அளிக்குமாறும், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் நிரலை நிறுவுமாறும் கேட்பர். அந்நிரல் சட்டபூர்வமானதாகவும் இருக்கலாமாகையால் தடுப்பு மென்பொருள் அதனைத் தடுக்காமல் விடக்கூடும். வங்கியோ பொலிசோ மிட்-ஐடி கடவுச்சொல்லை ஒருபோதும் கேட்பதில்லை. உடனே தொலைபேசியைத் துண்டித்து, வங்கியின் இலக்கத்தைத் தாமே தேடி அழைக்கவும். டெனிஷ் மொழியிற் பேச்சு விரைவாக நிகழும்போது மறுக்கத் தயங்கும் பெற்றோருக்கும் முதியோருக்கும் இதனைப் பிள்ளைகள் முன்கூட்டியே விளக்கி வைத்தல் நன்று.

இங்கு இழக்கக்கூடிய தொகை சிறிதன்று. பிறர் நம் கணக்கை முறைகேடாகப் பயன்படுத்தினால், கொடுப்பனவுச் சட்டத்தின்படி நாம் ஏற்க வேண்டிய இழப்பு பொதுவாக 375 குறோனர் வரையாகும். பாரதூரமான கவனக்குறைவு இருந்தால் அது 8,000 குறோனர் வரை உயரலாம். ஆபத்தை அறிந்திருந்தும் இரகசியக் குறியீட்டைத் தாமே கொடுத்தவர் முழுத் தொகையையும் இழக்கக்கூடும்.

பிரதியெடுத்து வைத்தல்

2017 ஜூன் 27 அன்று நொட்பெட்யா என்னும் நச்சுநிரல், உக்ரேனியக் கணக்கியல் மென்பொருளொன்றின் இற்றைப்படுத்தல் வழியாகப் பரவி, டெனிஷ் கப்பல் நிறுவனமான மெர்ஸ்கை முடக்கியது. 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் அந்நிறுவனம் மீள அமைக்க நேர்ந்தது. இழப்பு 250 முதல் 300 மில்லியன் டொலர் என மதிப்பிடப்பட்டது. அதன் வலையமைப்பின் முக்கிய தரவுகள், மின்தடையால் அவ்வேளை இணைப்பற்றிருந்த கானா அலுவலகக் கணினியொன்றில் மாத்திரமே எஞ்சியிருந்தன. பெரும் நிறுவனத்தையே காத்தது, இணைப்பில் இல்லாதிருந்த ஒரு பிரதிதான்.

கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் நச்சுநிரல்களிலிருந்து வீட்டினர் தப்பவும் இதுவே வழி. மாதம் ஒருமுறை படங்களையும் ஆவணங்களையும் வெளி வன்தட்டில் பிரதியெடுத்து, உடனே அதனைக் கணினியிலிருந்து கழற்றி வைக்கவும்.

தவறு நேர்ந்துவிட்டால்

முதலில் கணினியை இணையத்திலிருந்து துண்டிக்கவும். அடுத்து, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைத்து, கணக்கையும் அட்டையையும் முடக்கவும். மிட்-ஐடியையும் முடக்கவும். பின்னர் 114 என்ற இலக்கத்தில் பொலிசை அழைக்கலாம், அல்லது பொலிசின் இணையத்தளத்தில் முறையிடலாம். கடவுச்சொற்களைப் பாதிக்கப்படாத கணினியிலிருந்தே மாற்றவும். வெட்கத்தினால் தாமதிக்க வேண்டாம். விரைவாக அறிவிக்கும்போதே பணத்தை நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

மிட்-ஐடி, இலத்திரனியல் அஞ்சல் ஆகியவற்றுக்கான உதவியை நகரசபையின் பொதுமக்கள் சேவைப் பிரிவான போகர்சர்விசில் பெறலாம். இணையப் பாதுகாப்புப் பற்றிய அரச அறிவுரைகள் ‘சிக்கர் டிகிடால்’ என்னும் இணையத்தளத்தில் உள்ளன. அவற்றை டெனிஷ் மொழியில் வாசிக்க இயலாத உறவினருடன் ஒருமுறை அமர்ந்து, இன்று அவர்களது கணினியில் எந்தத் தடுப்பு மென்பொருள் இயங்குகிறது என்பதைச் சேர்ந்து பார்ப்பது நல்ல தொடக்கமாக அமையும்.