'பெற்றோர் அறியப்படாதவர்'

கர்ணனின் கதையில் தாய் யாரென்று கேட்கிற நமக்கு முதலிலேயே தெரியும்; அவனுக்குத்தான் தெரியாது. என் மாமியின் பாட்டனார் விடயத்தில் ஒருவருக்குமே தெரியாது. இந்த நேரலையில் அதைப் பற்றிக் கதைக்கலாமா என்று மாமியிடம் கேட்டேன். "கதையும், பெயரை மட்டும் விடும்" என்றார்.

மாமி கியூபெக் பிரெஞ்சுக்காரர். பாட்டனார் 1890களில் மொன்றியலில் பிறந்தவர். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோரின் இடத்தில் இருப்பது தலைப்பிலுள்ள அந்த வரி மட்டுமே. அந்த நகரத்தில் அது அரிய வரியல்ல. மார்கரித் தியூவில் தொடங்கிய சாம்பல் கன்னியர் சபை 1754 முதல் கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்றது. பெரும்பாலானவை ஒரு வயதைக்கூடத் தாண்டவில்லை. மிசெரிகோர்ட் கன்னியரிடம் மணமாகாத பெண்கள் வந்து, மாற்றுப் பெயரில் தங்கி, பிள்ளை பெற்றுப் போனார்கள்.

2018இல் கியூபெக் சட்டம் மாறி, தத்துப்பிள்ளைகள் பெற்றவர்களின் பெயரை அறிய வழி திறந்தது. எங்களுக்கு அதனால் பயனில்லை. அங்கே முதல் தத்தெடுப்புச் சட்டமே 1924இல்தான் வந்தது. அதற்கு முன் வளர்க்கக் கொடுத்த பிள்ளைக்கு நீதிமன்றக் கோப்பு ஏது?

மிஞ்சியது மரபணுச் சோதனை. ஒவ்வொரு தலைமுறையிலும் பங்கு பாதியாகிவிடுவதால், வீட்டில் மூத்தவரின் எச்சிலே பெறுமதியானது. ஆகவே என் மனைவி அல்ல, மாமியே குழாயில் துப்பினார். பூட்டனார் ஒருவரிடமிருந்து அவருக்கு வந்திருப்பது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பொருந்தி வருகிறவர்களில் தெரிந்த சொந்தங்களைக் கழித்துவிட்டு, மற்றவர்களின் வம்சாவளிகள் எந்தத் தம்பதியில் சந்திக்கின்றன என்று பார்க்கவேண்டும். சொல்லச் சுலபம். கியூபெக் பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் பழைய குடியேறிகள் சில ஆயிரம் பேரின் வழிவந்தவர்கள். தூரத்து உறவுகூடக் கிட்டத்து உறவாகத் தோன்றும். மச்சான் மச்சாளைக் கட்டுகிற எங்கள் ஊர்களிலும் இதே சிக்கல்தான். சோதனை செய்கிறவர்கள் கவனிக்கவேண்டும்.

இரண்டு குளிர்காலம் போனது. கோடுகள் ஒரு தம்பதியில் சந்தித்தன. அவர்களுக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூவரில் எவர் அந்தத் தாய் என்பதை மரபணுவால் மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒருத்தியின் பேத்தி இன்னும் இருக்கிறார், வயது தொண்ணூறுக்கு மேல். அவர் சோதனைக்குச் சம்மதித்தால் தெரியவரலாம். ஆனால் அவருடைய பாட்டி மறைத்த ஒன்றை நாங்கள் போய்ச் சொல்லவேண்டியிருக்கும்.

மாமி கடிதம் எழுதி முத்திரையும் ஒட்டிவிட்டார். தபாலில் போடவில்லை. போன ஞாயிறு போனபோதும் அது குளிர்சாதனப் பெட்டியின் மேலேதான் கிடந்தது.