உடைந்த குளக்கட்டும் அதைக் கட்டும் கைகளும்

வெள்ளம் வந்த ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கவனித்து வருகிறோம். பாடசாலைகளிலும் ஆலய மண்டபங்களிலும் தங்கியிருக்கும் கமக்காரக் குடும்பங்கள், தம் வீட்டைப் பற்றி விசாரிக்கும் முன்பே குளத்தைப் பற்றி விசாரிக்கின்றன. கட்டு நிற்கிறதா, துருசு தப்பியதா, வான் பாய்ந்ததா என்று கேட்கிறார்கள். இதில் வியப்பில்லை. கூரை போனால் தறப்பாளைப் போட்டு இருந்துவிடலாம். அந்த வித்தையை வன்னி மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. குளம் உடைந்தாலோ காலபோக வயல் மணல் மூடிப் போகிறது, சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் போகிறது, பங்குனி பிறக்கும் முன்பே ஊர்க் கிணறுகள் அடிமண்ணைக் காட்டுகின்றன.

1957 மார்கழி வெள்ளத்தில் உலர்வலயமெங்கும் குளங்கள் உடைந்ததை மூத்தோர் இன்றும் சொல்வார்கள். 1986 சித்திரையில், வெள்ளக் காலமே அல்லாத ஒரு நாளில், கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது வன்னி மக்கள் ஏற்கனவே போரால் இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழ் இருந்தார்கள். 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் மூழ்கின. 2025 கார்த்திகை இறுதியில் டித்வா புயலின்போது திருகோணமலை மாவட்டத்தின் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது.

பெருங்குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களமும் அதன் பொறியியலாளர்களும் உண்டு. நம் கவலை சிறு குளங்களைப் பற்றியது. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அன்றாடப் பராமரிப்பு கமக்காரர் அமைப்பின் கையில். உடைப்பெடுத்த இரவில் அங்கே பொறியியலாளர் நிற்கமாட்டார். நாம்தான் நிற்போம். ஆகவே செய்ய வேண்டியவற்றை நாம் அறிந்திருக்க வேண்டும்.

கட்டு உடையும் முன் சைகை காட்டும். வெளிப்புற அடிவாரத்தில் ஊற்றுப் போலத் தண்ணீர் கொப்பளித்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த நீர் என்றால் கண்காணிக்கலாம். கலங்கிய நீர் என்றால் கட்டின் வயிற்றிலிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். பலரும் பதற்றத்தில் ஊற்றின் வாயை மண்போட்டு அடைக்கப் பார்ப்பார்கள். அடைத்தால் தண்ணீர் வேறிடத்தால் பீறிடும். ஊற்றைச் சுற்றி மண்மூட்டைகளைக் கிணற்றுக் கட்டுப்போல வட்டமாக அடுக்கி, உள்ளே நீர்மட்டம் உயர விட வேண்டும். அந்த நீரின் பாரமே உள்ளிருந்து வரும் வேகத்தைத் தணிக்கும். தண்ணீர் தெளிந்து வரத் தொடங்கியதும் அதை அப்படியே ஓடவிடலாம். அதே வேளையில் உட்புறத்தில், நீர் நுழையும் இடம் தெரிந்தால், தறப்பாளை விரித்து மூட்டைகளால் அழுத்த வேண்டும்.

மூட்டைக்கு உரப்பை போதும். வாய்முட்ட நிரப்பாமல் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, வாயை மடித்து அடியில் வைத்து, செங்கல் கட்டுவதுபோல மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் அடுக்கி மிதிக்க வேண்டும். நிறைந்த மூட்டை உருளும். அரைகுறை மூட்டைதான் பக்கத்து மூட்டையோடு படிந்து இருக்கும்.

கட்டு உடைந்தேவிட்டால், தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும் வாயின் நடுவில் எதைப் போட்டாலும் அது வயலுக்குத்தான் போகும். முதலில் உடைப்பின் இரு முனைகளையும் காட்டுக்கம்பு நட்டு, மூட்டை அடுக்கி, மேலும் அரியாமல் காக்க வேண்டும். இருபது அடி உடைப்பு அறுபது அடியாவது இந்த முனைகள் கவனிக்கப்படாததால்தான். ஓட்டம் தணிந்ததும், அரித்துக் குழியான இடத்தை விட்டு விலகி, குளத்தின் உட்பக்கம் மேடான தரையில் அரைவட்டமாக ஒரு தற்காலிகக் கட்டுப் போடலாம். நீளம் கூடும், ஆனால் ஆழம் குறைவு, மண்ணும் குறைவு. இப்படி அரைக் குளத் தண்ணீரையாவது தடுத்தால் கதிர்ப் பருவத்தில் நிற்கும் பயிருக்கு இரண்டு தண்ணீர் கொடுக்க முடியும். மேலேயுள்ள குளமும் உடைந்திருந்தால் அதை முதலில் பார்க்க வேண்டும். இல்லையேல் அடுத்த மழையில் அதன் தண்ணீர் கீழ்க் குளத்தின் புது மண்ணைக் கொண்டுபோகும்.

மண் எடுக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவசரத்தில் கட்டின் அடிவாரத்திலேயே வெட்டக்கூடாது. அது கட்டின் காலை வெட்டுவது. அதைவிடப் பெரிய ஆபத்தும் வன்னியில் உண்டு. வெள்ளம் கண்ணிவெடியை இடம் நகர்த்தும். கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட நிலம் என்று உறுதியாகத் தெரியாத பற்றைக்குள் மண்வெட்டியோடு எவரும் இறங்கவேண்டாம், சிறுவரை இறக்கவும் வேண்டாம். எந்தக் குளமும் ஒரு காலுக்கு ஈடாகாது.

இனி உழைப்பைப் பற்றி. முற்காலத்தில் காணியின் அளவுக்கேற்பக் கட்டிலும் ஒவ்வொருவருக்கும் பங்கு இருந்தது. 1832இல் ராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு ஒழிந்ததற்காக யாரும் அழத்தேவையில்லை. ஆயினும் குளங்களைப் பேணும் ஏற்பாடும் அதனோடு தளர்ந்தது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் ஊர் வழக்கங்களுக்கு மீண்டும் உயிர்கொடுக்க முயன்றது. வேதாகமத்தில் நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டியபோதும் பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியையே செப்பனிட்டார்கள் என்று வாசிக்கிறோம். கட்டுக் காக்கும் கலையில் வன்னியும் எருசலேமும் அவ்வளவு தூரமில்லை.

இந்த ஏற்பாட்டை இடப்பெயர்வு குலைத்தது. 2008, 2009இல் ஊரே வெறிச்சோடியது. மெனிக் பாம் முகாம் 2012 புரட்டாதியில் மூடப்படும்வரை சில குடும்பங்கள் திரும்பவில்லை. ஆளில்லாத ஆண்டுகளில் கட்டில் மரம் வளர்ந்தது, கறையான் புற்றெடுத்தது, முள்ளம்பன்றி வளை தோண்டியது. வேர் உக்கிய இடம் தண்ணீருக்குக் குழாய். எந்த இடத்தில் கட்டு எப்போதும் கசியும் என்று அறிந்த முதியவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. இருப்பவர்களையாவது கட்டின்மேல் ஒருமுறை நடக்கவைத்து, அவர்கள் காட்டும் இடங்களில் கல் நாட்டி வையுங்கள்.

நம்மிடையே பேசப்படாத ஒன்றையும் சொல்லவேண்டும். சிரமதானத்துக்கு முதலில் வருவோர் பெரும்பாலும் வயலில்லாதவர்கள், அல்லது தம் காணி இன்னும் விடுபடாதவர்கள். கமக்காரர் அமைப்பின் பட்டியலில் அவர்கள் பெயர் இராது. மண் சுமப்பது அவர்கள், தண்ணீர் பாய்வது மற்றவர் வயலுக்கு. முதல் நாள் ஆபத்துக்கு எல்லோரும் ஓடிவருவது மனித இயல்பு. பத்தாம் நாளும் அவர்களை வெறுங்கையோடு வேலைக்கு அழைப்பது நீதியல்ல. வேலைக்குக் கூலியாகப் பணமோ உலருணவோ நிவாரணத்தில் கேட்டு வாங்கவேண்டும். வயலுள்ளோர் அதற்கு மேலாக ஏக்கர் கணக்கில் உழைப்போ நெல்லோ தரவேண்டும். பிடிக்கும் தண்ணீரில் மேட்டுப்பயிருக்கும் மாட்டுக்கும் ஒரு பங்கு, குளத்து மீனில் ஒரு பங்கு, காணியற்றோருக்கு என்று கூட்டத்தில் தீர்மானித்து எழுதிவைப்பதில் தடையில்லை.

தற்காலிகக் கட்டை நிரந்தரமாக நம்பிவிடுவதே அடுத்த உடைப்பின் தொடக்கம். உரப்பை வெயிலில் பொடியாகும்; கட்டுக்குள் புதைந்தால் நீர்க்கசிவுக்கு வழிவிடும். தண்ணீர் வற்றியதும் மூட்டைகளை முழுவதும் அகற்றி, சேற்றை வழித்து, உடைப்பின் இரு முனைகளையும் படிபடியாக வெட்டி, புதுமண் பழைய மண்ணைப் பற்றிக்கொள்ளச் செய்யவேண்டும். களி கலந்த கிறவலை அரையடிக்கு மேற்படாத படைகளாகப் பரப்பி, அளவாக நனைத்து, ஒவ்வொரு படையையும் உருளையால் இறுக்கவேண்டும். உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து கொட்டிவிட்டுப் போகும் மண், கட்டு அல்ல; குவியல். புதிய பகுதி இறங்கும் என்பதால் அதைச் சற்று உயர்த்தியே கட்டுவார்கள். முதலாண்டில் குளத்தை முழுமட்டத்துக்கு நிரப்பாமலும் விடுவார்கள்.

கிறவல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். காட்டோரக் குளமென்றால் வனத் திணைக்களத்தின் சம்மதமும் கேட்பார்கள். கடிதங்கள் அலுவலகத்துக்கு அலுவலகம் நடப்பதற்குள் ஆவணி வந்துவிடும்; ஐப்பசியில் மழை. எனவே உடைப்பின் நீளம், ஆழம், பாதிக்கப்பட்ட ஏக்கர், குடும்பங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை இப்போதே அளந்து எழுதி, படமும் எடுத்து, கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் தனித்தனிப் பிரதி கொடுங்கள். பெற்றுக்கொண்ட திகதியும் முத்திரையும் உங்கள் பிரதியில் இருக்கட்டும். இடம்பெயர்ந்து வேறூரில் இருப்போரின் பெயர்களையும் அந்தக் குடும்பக் கணக்கில் சேர்த்தே எழுதுங்கள்.