வயதைக் கேட்காதீர்கள், ஓட்டிப் பாருங்கள்

லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் ஓயாத குடும்பக் கார்கள். அவற்றைக் கைவிட மனமில்லாத சொந்தக்காரர்கள். இவர்களுக்கு உண்மையான எதிரி துருவா, காலண்டரா?

ஹிஞ்சேவாடி, புனே

காலை ஒன்பது மணிக்கு ஹிஞ்சேவாடியில் எல்லாக் கார்களும் சமம். வாகட் பாலத்திலிருந்து ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க் வரை, தவணை கட்டி முடிக்காத எஸ்யூவியும் இருபது வயது மாருதி 800ம் ஒரே வேகத்தில் போகின்றன. அதாவது, நகராமல் நிற்கின்றன. நிற்கும் நேரத்தில் நம்பர் பிளேட்டுகளைப் படிக்கலாம். எம்எச் 12 என்றால் புனே. எம்எச் 14 என்றால் பிம்ப்ரி-சிஞ்ச்வட். இடையிடையே கோவையின் டிஎன் 37, சென்னையின் டிஎன் 09. வேலை தேடி வந்த பிள்ளையோடு அப்பாவின் காரும் வந்திருக்கிறது.

புதுக் கார் வாங்க இந்தியாவில் இதைவிட வசதியான ஊர் கிடையாது. டாடா மோட்டார்ஸின் பிம்ப்ரி தொழிற்சாலை பக்கத்தில்தான். மெர்சிடிஸ் பென்ஸும் வோக்ஸ்வாகனும் சாகனில் கார் தயாரிக்கின்றன. வண்டிகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் அசோசியேஷன் 1966 முதல் புனேயில்தான் இயங்குகிறது. இத்தனை இருந்தும், கையில் சம்பளம் இருந்தும், பழைய காரை விடாதவர்கள் இங்கே இருக்கிறார்கள். கஞ்சத்தனம், பழசின் மீது மோகம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் பக்கம் கணக்கும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது.

முதலில் கணக்கு. கடன் அடைந்துவிட்ட காருக்கு மாதத் தவணை கிடையாது. புதுக் காரின் விலை முதல் சில வருடங்களில்தான் வேகமாகச் சரியும். பதினைந்து வருடம் ஆன காருக்கு இழக்க இனி விலையே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை கிளட்ச் பிளேட்டோ, ரேடியேட்டரோ, பேட்டரியோ செலவு வைத்தாலும், ஒரு வருடத் தவணையோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகைதான்.

போட்டியின்மை தந்த வரம்

பழைய இந்தியக் கார்கள் நீண்ட நாள் உழைத்ததற்குத் தரம் மட்டும் காரணமல்ல. மாற்றமே இல்லாததும் ஒரு காரணம். வால்சந்த் ஹீராசந்த் 1944ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், மும்பை குர்லாவில் 1964 முதல் ஃபியட் 1100 டிலைட் காரைத் தயாரித்தது. 1970களில் அதே கார் பிரீமியர் பத்மினி ஆயிற்று. 1,089 சிசி என்ஜின், ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர், தடித்த இரும்புத் தகடு. நூற்றாண்டின் இறுதி வரை பெரிய மாற்றம் ஏதுமில்லாமல் வெளிவந்தது. உத்தரபாராவில் பிறந்த அம்பாசிடரின் கதையும் இதேதான். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறவியான அது, 1950களின் இறுதியிலிருந்து 2014 மே வரை ஏறக்குறைய அதே முகத்தோடு இருந்தது.

லைசென்ஸ் ராஜ்யத்தில் கார் வாங்கப் பல வருடம் காத்திருக்க வேண்டும். அப்படிக் கிடைத்த காரை யாரும் ஐந்து வருடத்தில் மாற்றவில்லை. நிலம், நகை வரிசையில் அதுவும் ஒரு குடும்பச் சொத்து. வாங்குபவரின் பொறுமையைச் சோதித்த அந்தச் சந்தை, வாங்கியவருக்கு ஒரு வரமும் தந்தது. அப்பா காலத்து ஃபியட்டின் பாகம் மகன் காலத்துப் பத்மினியிலும் பெரும்பாலும் பொருந்தியது. சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும், புனேயில் நானா பேட்டும் இருந்தன. அங்கே கிடைக்காத பாகத்தை லேத் பட்டறைக்காரர் கடைந்து கொடுத்தார்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்த உலகத்தைக் கலைத்தது. ஆனால் எளிமையைக் கலைக்கவில்லை. மூன்று சிலிண்டர், 796 சிசி, குறைந்த எடை. 2014 ஜனவரியில் நிற்கும்வரை 25 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. ஊருக்கு ஊர் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒருவராவது இருந்தார். 1998 டிசம்பரில் அறிமுகமாகி பிம்ப்ரியில் தயாரான டாடா இண்டிகா, இந்தப் பகுதியின் சொந்தக் கார். தொடக்கத்தில் புகார்கள் வந்தன. 2001ல் திருத்திய வி2 வந்தபின் அதன் டீசல் வண்டிகள் டாக்சி ஸ்டாண்டுகளில் நிரம்பின. 2018ல் அதன் தயாரிப்பும் முடிந்தது.

மெக்கானிக், டைரி, சொந்தக்காரர்

காருக்கு ஆயுள் கொடுப்பது கம்பெனி மட்டுமல்ல. பழைய காரின் சொந்தக்காரரைச் சில பழக்கங்களைக் கொண்டே அடையாளம் காணலாம். காலையில் சாவியைத் திருப்புவதற்குமுன் கார் நின்ற தரையைப் பார்ப்பார்: எண்ணெய் சொட்டியிருக்கிறதா? டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்ப்பார். எந்த கிலோமீட்டரில் ஆயில் மாற்றியது, எந்தத் தேதியில் ஃபேன் பெல்ட் போட்டது என்று டாஷ்போர்டுக்குள் ஒரு சின்ன டைரி இருக்கும். பழைய கார்கள் பலவற்றின் மீட்டரில் ஐந்தே இலக்கம். லட்சத்தைத் தொட்டதும் மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். பிறகு கணக்குச் சொல்ல அந்த டைரிதான் உண்டு.

ஆயுத பூஜைக்குத் தமிழர் சந்தனம், குங்குமம் வைப்பார். தசராவுக்கு மராட்டியர் செண்டுமல்லி மாலை போடுவார். இரண்டு வழக்கத்திலும் கார் வீட்டு மனுஷிதான். 'படிக்காதவன்' (1985) படத்தில் ரஜினிகாந்த் தன் டாக்சியை லட்சுமி என்று கூப்பிட்டதைத் தமிழ் ரசிகர்கள் விசித்திரமாக நினைக்கவில்லை. பல வீடுகளில் நடப்பதுதான் அது.

பாசம் மட்டும் போதாது. என்ஜின் அதிகம் தேய்வது, எண்ணெய் இன்னும் மேலேறாத குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது. சூடேறிய பின் நெடுஞ்சாலையில் சீராக ஓடும் என்ஜினுக்குத் தேய்மானம் குறைவு. ஹிஞ்சேவாடி நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் மீட்டரில் ஐந்து கிலோமீட்டர்தான் ஏறும். என்ஜின் உழைத்ததோ ஒரு மணி நேரம். கிளட்சும் பிரேக்கும் அதற்கும் மேல் உழைத்திருக்கும். அதே ஒரு மணியில் எக்ஸ்பிரஸ்வேயில் 80 கிலோமீட்டர் போயிருக்கலாம். ஆகவே 50,000 ஓடிய ஹிஞ்சேவாடி கார், ஒன்றரை லட்சம் ஓடிய மும்பை-புனே காரைவிட அதிகம் களைத்திருக்க வாய்ப்புண்டு. செகண்ட் ஹாண்ட் கார் வாங்கப் போகிறவர் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40

பழைய காரை வைத்திருப்பது ஆசையாக இல்லாமல் கட்டாயமாக இருந்த தமிழ் மண்ணும் உண்டு. 1990களின் முதல் பாதியில், யுத்தத்தின் நடுவே, யாழ்ப்பாணத்துக்குள் பெட்ரோல் வருவதை இலங்கை அரசின் பொருளாதாரத் தடை நிறுத்தியது. புதுக் காரும் உதிரி பாகமும் கனவாயின. 1950களின் ஆஸ்டின் ஏ40, மாரிஸ் மைனர் கார்கள் அப்போது மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேட்டரில் துளிப் பெட்ரோல் விட்டு என்ஜினைக் கிளப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் புகையும் நாற்றமும் வந்தாலும், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். மணமகள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

இதில் மாயம் இல்லை. அந்தக் காலத்து என்ஜின்களின் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. மட்டமான எரிபொருளையும் அவை சகித்துக்கொண்டன. அழுத்த விகிதம் பத்தைத் தாண்டும் இன்றைய என்ஜினில் இதைச் செய்தால் தட்டித் தட்டியே பாழாகிவிடும். யாழ்ப்பாணம் காட்டியது ஒன்றுதான்: சாதாரண மெக்கானிக்கின் கைக்குள் அடங்கும் கார் எந்தக் கஷ்டத்தையும் தாண்டிவிடும்.

நிலாவுக்கு ஆறு முறை

சரி, எவ்வளவு தூரம்தான் ஒரு கார் ஓடும்? உலகம் இதற்கு இரண்டு பதில்களை வைத்திருக்கிறது. கிரீஸின் டாக்சி டிரைவர் கிரிகோரியோஸ் சாகினிடிஸ், 1976ல் தயாரான மெர்சிடிஸ் 240டி ஒன்றை 1981ல் செகண்ட் ஹாண்டாக வாங்கினார். 2004ல் அது மெர்சிடிஸ் மியூசியத்துக்குப் போனபோது 46 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. நிலாவுக்கு ஆறு முறை போய்த் திரும்பும் தூரம். நியூயார்க் லாங் ஐலண்டின் பள்ளி ஆசிரியர் இர்வ் கார்டன், 1966ல் வாங்கிய வோல்வோ பி1800எஸ் காரில் 2013 செப்டம்பரில் 30 லட்சம் மைல், அதாவது சுமார் 48 லட்சம் கிலோமீட்டர், கடந்தார். 2018ல் இறக்கும்வரை ஓட்டினார். அது குடும்பக் கார் அல்ல, ஸ்போர்ட்ஸ் கார். ஆனால் அவர் செய்தது எந்தக் குடும்பமும் செய்யக்கூடிய காரியம்: கம்பெனி கொடுத்த கையேட்டில் எப்போது ஆயில் மாற்றச் சொன்னதோ அப்போது மாற்றினார்.

இந்தியாவின் 15 வருடக் கணக்குப்படி, கார்டனின் காருக்கு முதல் கேள்வி 1981லேயே எழுந்திருக்கும்.

சட்டம் எண்ணுவது வருடங்களை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொந்தக் காரின் பதிவுக்கு 15 வருட ஆயுள் தந்தது. அதன்பின் வண்டியை ஆர்டிஓவிடம் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். மகாராஷ்டிரம் 2010ல் பழைய வண்டிகளுக்குப் பசுமை வரி கொண்டுவந்தது. 2022 ஏப்ரலில் காரின் பதிவைப் புதுப்பிக்கும் மத்திய அரசுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆயிற்று. 2025 ஆகஸ்டில் 20 வயது கடந்த கார்களுக்கு 10,000 ரூபாய். 2021 ஆகஸ்டில் தொடங்கிய பழைய வாகன அழிப்புக் கொள்கை, காரைக் கழித்துக்கட்டிச் சான்றிதழ் வாங்குவோருக்குப் புதுக் காரின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர வழிசெய்தது.

இது புனேயின் வழி: பரிசோதனை செய், பணம் கட்டு, ஓட்டு. டில்லியின் வழி வேறு. 10 வருடம் கடந்த டீசல் வண்டியும் 15 வருடம் கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகரப் பகுதியில் ஓடக் கூடாது என்பதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் அவற்றுக்கு பங்குகளில் பெட்ரோலே கிடையாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அந்த உத்தரவு தள்ளிவைக்கப்பட்டது. வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போய்வந்த காருக்கும் தினமும் இருநூறு கிலோமீட்டர் விரட்டப்பட்ட காருக்கும் ஒரே கடைசித் தேதி என்றால், எதிர்ப்பு வராமல் என்ன செய்யும்?

மும்பையின் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சிகளும் தேதியால்தான் விடைபெற்றன. கடைசி வண்டி 2003 அக்டோபர் 29ல் பதிவானது. டாக்சிகளுக்கு அந்த நகரம் விதித்த 20 வருடம் 2023 அக்டோபரில் முடிந்தது. அதன் என்ஜின் எப்படி இருந்தது என்பது கேள்வியாகவே எழவில்லை.

காற்றும் ஒரு கட்சி

ஆனால் பழைய காரின் வக்கீல்கள் ஒன்றை மறைக்கக் கூடாது. 2000க்கு முந்தைய கார்கள் பாரத் ஸ்டேஜ் விதிகளுக்கே முந்தியவை. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 காரோடு அவற்றின் புகையை ஒப்பிடவே முடியாது. என்னதான் டியூனிங் செய்தாலும் இல்லாத கேட்டலிடிக் கன்வர்ட்டர் முளைக்காது. பாதுகாப்பும் அப்படியே. புதுக் கார்கள் அனைத்துக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். பத்மினியின் தடித்த தகடு பார்க்கத் தெம்பு தரும். விபத்தின் வேகத்தைத் தானே நசுங்கி வாங்கிக்கொள்ளும்படி வடிவமைத்த இன்றைய காரின் முன்பகுதியே உள்ளிருப்பவரை அதிகம் காப்பாற்றும்.

புதிய தலைவலி பெட்ரோலே. 2025ல் 20 சதவீத எத்தனால் கலப்பு நாடு முழுவதும் பரவியது. இதற்கேற்ற பாகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென வடிவமைத்த பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணக்கிட்டது. ரப்பர் குழாய்களையும் சீல்களையும் அடிக்கடி பார்த்து மாற்றுவது பழைய கார்க்காரரின் டைரியில் புதிய வரி.

இத்தனையும் சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. புகையை அளக்க இயந்திரம் இருக்கிறது. பிரேக்கை, சஸ்பென்ஷனை, விளக்கை அளக்கவும் இயந்திரம் இருக்கிறது. மனிதர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடும் சோதனைக்குப் பதில் தானியங்கி சோதனை நிலையங்கள் வேண்டும் என்று அழிப்புக் கொள்கையே சொல்கிறது. அளக்க முடிந்ததை அளக்காமல் பிறந்த தேதியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது, ஒழுங்காகப் பராமரித்தவரையும் பராமரிக்காதவரையும் ஒரே கூண்டில் ஏற்றுவது. பன்னிரண்டு வயதிலேயே கரும்புகை கக்கும் கார் தப்பித்துக்கொள்ளும். முப்பது வயதிலும் தேறக்கூடிய கார் மாட்டிக்கொள்ளும்.

பழைய காரின் சொந்தக்காரர் கேட்க வேண்டியது சலுகை அல்ல, நேர்மையான பரீட்சை. தேறினால் இன்னும் ஐந்து வருடம். தேறாவிட்டால், டைரியை எடுத்து வைத்துக்கொண்டு காரைக் கொடுத்துவிட வேண்டியதுதான். இத்தனை வருடம் ஆயில் அளவைத் தவறாமல் பார்த்தவருக்கு அந்த மார்க்கைப் பார்த்துப் பயப்படக் காரணம் இல்லை.